விளையாட வருகிறோம், வீட்டைத் திறந்து காட்ட மாட்டோம்: மனிதவளப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வெள்ளிக்கிழமை மாலை வீடியோ அழைப்பில் நடக்கும் ‘ஃபன் ஹவர்’ இந்த மாதம் முதல் எல்லாருக்கும் கட்டாயம், கேமராவை அணைத்தவர் வராதவராகக் கணக்கிடப்படுவார், இந்த வருகைப் பதிவு காலாண்டு அப்ரைசலில் ‘குழு மனப்பான்மை’ என்ற தலைப்பில் மதிப்பெண்ணாகச் சேரும் என்று உங்கள் மின்னஞ்சல் சொல்கிறது. கடைசி வரியில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றையும் போட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணுக்காகச் சிரிப்பவர்கள் அழைப்பு முடிந்ததும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் காதுக்கு வந்திருக்காது. வந்திருந்தால் இப்படி ஒரு மடல் அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் செய்பவள்; அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்பை (சார்ட்) படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை (கோடு) போடுகிற வேலை. 2020 ஊரடங்கில் சென்னை ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, கம்பெனி கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, அப்படியே இங்கேயே தங்கிவிட்டவர்களில் ஒருத்தி. எங்கள் டீமில் குடியாத்தம், ஒடுகத்தூர், ஆம்பூர், வாலாஜா, மேல்விஷாரம் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை, ஹைதராபாத்காரர்களும் உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் டீம் மீட்டிங்கில் மட்டும் அது இன்னும் ஒரே மாவட்டமாகத்தான் இருக்கிறது.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆளுக்கொரு மூலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சார்ட் பார்க்கிற வேலை இது. பக்கத்து சீட்டில் யார் இருக்கிறார் என்பதே இல்லாத வேலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்டால் திட்டுவார்களோ என்று பயந்து, தப்பாகவே கோடு போட்டு அனுப்பி ஆடிட்டில் மாட்டுகிறது. ஆபீசில் இந்தப் பயம் முதல் வாரத்து டீக்கடையிலேயே போய்விடும். வீட்டிலிருந்து வேலை என்றால் அதற்கு ஏதாவது ஒரு வழி வேண்டும், அதற்கு விளையாட்டு நல்ல வழிதான். நீங்கள் நடத்துகிற விளையாட்டுகள்மீதுதான் எனக்கு வழக்கு.

இந்த வேலையில் சேரும்போது எங்களிடம் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். வேலை செய்யும் அறைக்குக் கதவு இருக்க வேண்டும், திரை ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது, மேசையில் செல்போன் கூடாது, பேனா பேப்பர் கூடாது, வீட்டு மனிதர்கள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. காரணம் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம். 1996-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய் எதுவும் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. நியாயம்தான். நாங்களும் அதைக் கட்டிக் காக்கிறோம். என் மாமனார் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வந்தால்கூடக் கதவுக்கு வெளியே நின்றுதான் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை மாலை ஆனதும் அதே நீங்கள் ‘முப்பது நொடியில் வீட்டிலிருந்து சிவப்பு நிறப் பொருள் ஒன்றை எடுத்து வந்து காட்டுங்கள்’ என்றீர்கள்.

எங்கள் குடியாத்தத்துத் தம்பியின் வீடு ஒரே கூடம், அதை ஒட்டி ஒரு சமையலறை, அவ்வளவுதான். கூடத்தில் பாதியைக் கயிறு கட்டி, பெட்ஷீட் தொங்கவிட்டு மறைத்து, அந்த மூலையைத்தான் அவன் உங்கள் படிவத்தில் ‘தனி அறை’ என்று எழுதிக்கொடுத்திருக்கிறான். வேறு என்ன எழுதுவான்? முப்பது நொடி என்றதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். நாற்காலி பெட்ஷீட்டில் மாட்டிக் கயிறு அவிழ்ந்தது. பின்னால் கட்டிலில் அவன் அப்பா. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர். மேலே சட்டையில்லை, கட்டிலின் ஓரத்தில் சிறுநீர்ப் பை தொங்குகிறது. அது தெரியாமல் தம்பி கையில் குங்குமச் சிமிழோடு திரும்பி வந்து கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நிகழ்ச்சியை நடத்தியவர் நல்ல மனதோடுதான், ‘ஹாய் அங்கிள், நீங்களும் ஜாயின் பண்ணுங்க!’ என்றார். சிலர் கையாட்டினார்கள். அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான்.

அன்றிரவு எனக்குப் போன் செய்தான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இன்னாக்கா, அடுத்த வாரமும் இருக்குதா இது?” என்று மட்டும் கேட்டான்.

டெக்சாஸில் எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத நோயாளியின் பெயர் கசிந்தால் எங்களுக்கு வேலை போகும். குடியாத்தத்தில் ஒரு நோயாளியை நாற்பது பேர் வேடிக்கை பார்த்ததற்குக் கேள்வி கேட்பாரில்லை. அந்த அழைப்பைப் பதிவும் செய்திருக்கிறீர்கள். வராதவர்கள் பார்ப்பதற்காகவாம்.

அடுத்தது ‘இரண்டு உண்மை, ஒரு பொய்’. உலகம் முழுக்க ஆடுகிற விளையாட்டு. தன்னைப் பற்றி மூன்று செய்தி சொல்ல வேண்டும், எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சென்னைக்காரர் ஒருவர் ரிஷிகேஷில் கயிறு கட்டிக் குதித்தேன் என்றார். இன்னொருவர் பாங்காக்கில் தேள் சாப்பிட்டேன் என்றார். வாலாஜாவிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் முறை வந்தது. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பதற்காக முதல் நாள் இரவே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. என் அம்மா பீடி சுற்றுகிறார். எனக்குச் சமைக்கத் தெரியாது. கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே குரலில், விமானம்தான் பொய் என்றார்கள். சிலர் பீடி பொய் என்றார்கள், சிரித்துக்கொண்டே. பொய் சமையல். அவள் நன்றாகவே சமைப்பாள். ‘இல்லை, விமானத்தில் ஏறியதில்லை என்பது உண்மைதான்’ என்று அவள் விளக்க வேண்டியதாயிற்று. ‘பீடி என்பதும் உண்மைதான்’ என்று மறுபடி விளக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வந்த மௌனத்தைக் கலைக்க, நடத்தியவர் ‘வாவ், சோ இன்ஸ்பைரிங்’ என்றார். பீடி சுற்றுவது வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் நடக்கிற வேலை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இன்ஸ்பைரிங்காகவும் எதுவுமில்லை.

இந்த விளையாட்டுப் பட்டியல்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று எனக்கும் தெரியும், தேடினால் நூறு வருகிறது. செல்ல நாயைக் காட்டு, பிடித்த காபி கோப்பையைக் காட்டு, கடைசியாகப் போன சுற்றுலாப் படத்தைக் காட்டு, குழந்தைப் பருவப் படத்தைக் காட்டு, யாருடையது என்று கண்டுபிடிக்கலாம். தனி அறையும் நாயும் வருடத்துக்கு ஒரு வெளியூர்ப் பயணமும் இருக்கிற ஆளை மனதில் வைத்து எழுதியவை அவை. எங்கள் டீமில் முதல் புகைப்படமே பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்காக எடுத்தது என்கிறவர்கள் இருக்கிறார்கள். திருமணமாகிப் பல வருடமாகக் குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர் இருக்கிறார். அவரிடம் ‘உங்கள் குட்டீஸ் பற்றி ஒரு வேடிக்கைக் கதை’ கேட்டார்கள். இதற்குமேல் இதில் எழுத எனக்கு மனமில்லை.

‘உன் முதல் செல்லப் பிராணியின் பெயரையும் நீ வளர்ந்த தெருவின் பெயரையும் சேர், அதுதான் உன் சினிமாப் பெயர்’ என்றும் ஒன்று ஆடினோம். பாஸ்வேர்டு மறந்தால் பல இடங்களில் கேட்கிற பாதுகாப்புக் கேள்விகள் இந்த இரண்டும்தான். மாதாமாதம் ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று பயிற்சி கொடுக்கிற கம்பெனி, நாற்பது பேர் முன்னால் சாட்டில் தட்டச்சு செய்ய வைத்தது. தகவல் பாதுகாப்புப் பிரிவு ஆட்களும் அந்த அழைப்பில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். முகம் பார்த்தால்தான் நெருக்கம் வரும் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் கிறிஸ்டன் ஷாக்லி தலைமையிலான ஆய்வுக் குழு 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பாதிக் காலம் கேமரா போட்டும் பாதிக் காலம் போடாமலும் அவர்களை வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். கேமரா போட்ட நாட்களில் களைப்பு கூடியது. களைத்த நாளில் மீட்டிங்கில் பேசுவதும் ஈடுபடுவதும் குறைந்தது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் களைப்பு மற்றவர்களைவிட அதிகம். யாரை நெருங்கி வர வைக்க இந்த விளையாட்டை நடத்துகிறீர்களோ அவர்களைத்தான் இந்தக் கட்டாயம் முதலில் வாயடைக்க வைக்கிறது. ஆய்வு இல்லாமலேயே எனக்கு இது தெரியும். கேமரா என்றால் வெள்ளிக்கிழமை மதியமே கூடத்தைப் பெருக்கி, கொடியில் காயும் துணியை எடுத்து, நைட்டியை மாற்றி, தலை வாரி, மாமனாரை வராண்டாவுக்கு அனுப்பி... உங்கள் ஒரு மணி நேரம் எனக்கு இரண்டு மணி நேரம். போன கத்திரி வெயிலில் ஃபேன் சத்தம் மைக்கில் வருகிறது என்று நிறுத்தச் சொன்னார்கள். வேலூரில், மே மாதத்தில், ஃபேனை! அதைச் சொன்னவர் ஏ.சி. அறையில் இருந்தார்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் ரவுட்டர் போய்விடும், செல்போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபியோ இரண்டு ஜிபியோதான் பலர் போட்டிருக்கிற திட்டம். எல்லார் முகமும் தெரிகிற குழு அழைப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபியைச் சாதாரணமாக விழுங்கும். மீதியில் சார்ட் முடிப்பதா, இன்னும் கொஞ்ச நேரம் சிரிப்பதா?

வினாடி வினாவில் ‘முதலில் பஸ்ஸர் அடித்தவருக்குப் புள்ளி’ என்று வைக்கிறீர்கள். ஒடுகத்தூர் அக்காவுக்கு ஜவ்வாது மலையடிவாரத்தில் சிக்னல் எப்போதும் ஒரு மூச்சு பின்தங்கித்தான் வரும். விடை தெரிந்து அவர் வாய் திறக்கும்போது சென்னையில் கை தட்டி முடித்திருப்பார்கள். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இணைப்பில் 1.2 நொடி தாமதம் வந்தாலே எதிரில் இருப்பவர் கவனமில்லாதவர், சிநேகமில்லாதவர் என்று மக்கள் நினைக்கத் தொடங்குகிறார்கள் என்று 2014-ல் ஜெர்மனியில் செய்த ஆய்வு காட்டியது. குற்றம் கம்பியில்; கெட்ட பெயர் மனிதருக்கு. போன காலாண்டில் ஒடுகத்தூர் அக்காவுக்கு ‘பங்கேற்பு குறைவு’ என்று எழுதியது நீங்கள்தான்.

ரமலான் மாதத்தில் ‘உங்கள் ஸ்நாக்ஸை எல்லாரும் காட்டிச் சாப்பிடுங்கள்’ என்று ஒரு வெள்ளிக்கிழமை வைத்தீர்கள். மேல்விஷாரம் தம்பி நோன்போடு, இஃப்தாருக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில், கேமரா போட்டு உட்கார்ந்து நாற்பது பேர் சமோசா தின்பதைப் பார்த்தான். அவன் குறை சொல்லவில்லை. கேமராவை அணைத்திருந்தால் இப்போது உங்கள் புது விதியில் ஆப்சென்ட்.

இத்தனைக்கும் நடுவில் அன்றைய டார்கெட்டில் ஒரு சார்ட்கூடக் குறைவதில்லை. அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்பது போல, ஃபன் முடிந்து மறுபடி லாகின் செய்து இரவு எட்டு மணிக்கு மேல் முடித்துவிட்டு எழுந்திருக்கிறோம்.

சரி, எங்களுக்குள் எது வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், குறை மட்டும் எழுதிப் போனேன் என்று இருக்க வேண்டாம். ஆடிட் அழைப்பு ஒன்றில் ஆடிட்டர் வரத் தாமதமானது. எல்லார் கேமராவும் அணைந்திருந்தது, மைக்கும் மியூட். ஆம்பூர்க்காரர் சாட்டில் ஒரு வரி போட்டார்: ‘எருது விடும் விழாவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவரை மாடு முட்டிவிட்டது. கோடு சொல்லுங்க பார்ப்போம்.’

நோய்க்கும் காயத்துக்கும் நாங்கள் கோடு பார்க்கிற ஐசிடி-10 புத்தகத்தில் இதற்கெல்லாம் கோடு உண்டு என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. மாடு கடித்தால் டபிள்யூ 55.21. முட்டினால் டபிள்யூ 55.22. அதன் பின் இடம் நிரப்ப ஓர் எக்ஸ், முதற்கட்ட சிகிச்சை என்றால் ஏ. பதில்கள் கொட்டின. ‘காளைக்குத் தனிக் கோடு இல்லையா?’ என்று ஒருவர். ‘இல்லை, காளை குத்தினாலும் பசு தலைப்பின் கீழ்தான் போட்டிருக்கிறான்’ என்று இன்னொருவர். ‘அது காளைக்குத் தெரிந்தால் இன்னொரு முறை முட்டும், அப்போதும் ஏ-வா?’ என்று மூன்றாமவர். வாத்து மோதினால் டபிள்யூ 61.62. மரத்திலிருந்து விழுந்தால் டபிள்யூ 14. பட்டாசு வெடித்தால் டபிள்யூ 39. கடைசியில் யாரோ ‘மாமியாரோடு சண்டை’ என்று போட்டார்கள். இசட் 63.1, புகுந்த வீட்டு உறவில் சிக்கல். புத்தகம் புரட்டாமல், ஒரே நொடியில், டீமில் இருந்த அத்தனை கல்யாணமான பெண்களும் தட்டியிருந்தார்கள். நான் உட்பட. என் மாமனார் வராண்டாவில் இருந்து ‘என்னம்மா சிரிப்பு?’ என்றார்.

அன்று அதிகம் அடித்தது வாலாஜாப் பெண். டீமில் அத்தனை கோடு அவளுக்கு நினைவில் இருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். இப்போது சந்தேகம் வந்தால் சீனியர்களே அவளைக் கேட்கிறார்கள். எருது விடும் விழா என்றால் என்ன என்று ஹைதராபாத்காரர் கேட்க, ஆம்பூர்க்காரர் தெருவின் இரு பக்கமும் தடுப்பு கட்டுவதில் தொடங்கி, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிற மாட்டுக்குப் பரிசு என்பது வரைக்கும் விளக்கினார். இத்தனை நாள் ‘குட் மார்னிங் டீம்’ தவிர வேறு பேசாத மனிதர்.

இதில் யாரும் வீட்டைக் காட்டவில்லை, யாரிடமும் இல்லாததைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வைத்து ஆடினோம். இன்னும் இருக்கிறது. விடுகதை போடலாம்: எல்லாரும் விடையைத் தட்டி வைத்துக்கொண்டு, ‘மூன்று’ என்றதும் ஒன்றாக அனுப்பினால் சிக்னல் மெதுவாக இருப்பவரும் தோற்பதில்லை. தம்போலா ஆடலாம், பதினைந்து எண் கொண்ட டிக்கெட்டை முன்பே அனுப்பிவிட்டால் ஒருவர் எண் சொல்ல மற்றவர் அடிக்க வேண்டியதுதான், தாமதம் இதில் ஒரு பொருட்டே இல்லை. படம் வரைந்து கண்டுபிடிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளில் நம் சொற்களை நாமே போட்டுக்கொள்ளும் வசதி உண்டு; ‘கோட்டை அகழி’, ‘ஆம்பூர் பிரியாணி’, ‘பாலாற்றில் தண்ணீர்’ என்று கொடுத்துப் பாருங்கள். கடைசியதை எப்படி வரைவது என்பதிலேயே அரை மணி போகும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, அந்தச் சிவப்புப் பொருள் அழைப்பின் பதிவை உடனே அழியுங்கள். அழித்துவிட்டதாகக் குடியாத்தத்துத் தம்பிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மன்னிப்போடு. தனிநபர் தகவலுக்கான சம்மதம் சுதந்திரமாகவும் நிபந்தனையில்லாமலும் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கட்டிலில் படுத்திருந்தவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இனி எந்த விளையாட்டு அழைப்பையும் பதிவு செய்ய வேண்டாம்.

வருகையையும் கேமராவையும் அப்ரைசலோடு முடிச்சுப் போட்ட விதியைத் திரும்பப் பெறுங்கள். போன காலாண்டில் ‘பங்கேற்பு குறைவு’ என்று எழுதியவற்றையும் திருத்துங்கள். கேமரா அவரவர் விருப்பம். எந்தக் கேள்விக்கும் ‘பாஸ்’ என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது.

வீடு, செல்போன் கேலரி, குடும்பம், குழந்தைப் பருவம், உணவு, பாதுகாப்புக் கேள்விக்கான விடைகள் இவற்றைக் கேட்கிற விளையாட்டுகளை நிறுத்துங்கள். வேலை நேரத்துக்கு நீங்கள் போட்ட உறுதிமொழிப் படிவம் வெள்ளி மாலைக்கும் செல்லும் என்று அறிவியுங்கள்.

நேரத்தை ஷிப்டுக்குள் வையுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்கான சார்ட்டை டார்கெட்டில் கழியுங்கள். நாற்பது பேரை ஒரே திரையில் உட்கார வைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசவே நாற்பது நிமிடம். நான்கைந்து பேராகப் பிரித்து விடுங்கள். தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ பேசினால் ‘இங்கிலீஷ் ப்ளீஸ்’ என்று இடையில் வராதீர்கள். எந்த விளையாட்டு என்பதை ஒவ்வொரு வாரமும் டீமில் ஒருவர் முடிவு செய்யட்டும். முதல் வாரத்துக்கு வாலாஜாப் பெண் தயார் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை வெள்ளிக்கிழமை அழைப்பில் நாங்கள் இருப்போம், கேமரா அணைந்திருக்கும். ஆப்சென்ட் போடுவதானால் எங்கள் எல்லாருக்கும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கோடர்
(டீமினர் படித்து ஒப்புக்கொண்ட பிறகு அனுப்பியது)